நூற்று நாற்பத்தேழாம் பெட்டியைத் திருப்பி வைத்தவருக்கு

படிவுப் படுகை ஒப்பாய்வுப் பிரிவின் தலைவராக இருந்து இன்று பணி நிறைவு பெறும் அம்மையார் அவர்களுக்கு, அவருடைய பிரிவினர் அனைவரும் கூடி வாசித்தளிக்கும் மடல்

பகலையும் இரவையும் பாதிப் பாதியாய்ப் பங்கிட்டுக்கொண்ட பனி முனைகள் இரண்டின் பழங்கதையைப் படித்தறிந்த பேரறிவுப் பெருமாட்டியே! கடலடிச் சேற்றைக் கல்வெட்டாய்க் கருதிக் காலமெல்லாம் கற்ற கலைச்செல்வியே! வடக்கின் வண்டலையும் தெற்கின் திண்மண்ணையும் தராசின் இரு தட்டில் இட்டு, தயங்காது தடுமாறாது தக்கது உரைத்த தகைமையே! அளவற்ற ஆற்றலும் எல்லையில்லா எளிமையும் ஈடு இணையற்ற நேர்மையும் ஒருங்கே உறையும் உயர்குணக் குன்றமே! வணக்கம், வணக்கம், வாழிய நீவிர்!

இதுவரை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தோம். உங்கள் சிவப்புப் பென்சில் நினைவுக்கு வந்துவிட்டது. எங்கள் அறிக்கைகளில் 'அளவற்ற' என்று கண்டால் அதை அடித்துவிட்டு ஓரத்தில் 'எத்தனை?' என்று எழுதுகிறவர் நீங்கள். 'தயங்காது' என்று மேலே எழுதியிருக்கிறோமே, அதையும் அடித்திருப்பீர்கள். தயங்காதவரை நம்பக் கூடாது என்பது உங்கள் கட்சி. ஆனால் நாலு அடைமொழியாவது இல்லாமல் ஒரு மடலைச் சட்டம் போட்டு மாட்டினால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று அலுவலக மேலாளர் ஒற்றைக் காலில் நின்றார். ஆகவே மேலே உள்ளவை அவருக்காக. இனி வருபவை உங்களுக்காக. அளந்தே எழுதியிருக்கிறோம்.

பணியாற்றிய ஆண்டுகள் முப்பத்து நான்கு. வடதுருவக் கடலுக்குப் போன பயணம் மூன்று, தென்துருவக் கடலுக்கு இரண்டு. இந்த ஐந்து பயணங்களிலும் கப்பலில் குமட்டாமல் சாப்பிட்ட நாட்கள் ஒன்பது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். கையால் தொட்டுப் பார்த்து எழுதிய கல் நாலாயிரத்து அறுநூறு மீட்டர். ஆறவிட்டுக் குடித்த தேநீருக்கு எங்களிடம் அளவு இல்லை, மன்னிக்க வேண்டும்.

முன்வரிசையில் உங்கள் வீட்டுக்காரர் அமர்ந்திருக்கிறார். 'மண்ணைப் பாக்கப் போறேன்' என்ற ஒரே பதிலை முப்பத்து நான்கு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருப்பவர். அவருக்காக இரண்டு வரி விளக்கம். படுகை என்பது பூமியில் விழுந்த பெரும் பள்ளம். ஆறும் கடலும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அதில் மண்ணைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. கொட்டியது அடுக்கடுக்காக இறுகிக் கல்லாகிறது. அடியில் இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. துளைபோட்டு அந்த அடுக்குகளை நீண்ட உருளையாக வெட்டி எடுத்தால் அதற்குப் பெயர் கோர். மூன்று மீட்டர் கோருக்கு ஒரு பெட்டி. வடதுருவப் படுகையின் கோரையும் தென்துருவப் படுகையின் கோரையும் அருகருகே வைத்து, இங்கே காடு இருந்தபோது அங்கே என்ன இருந்தது, இங்கே பனி வந்தபோது அங்கே என்ன நடந்தது என்று கேட்பதுதான் உங்கள் மனைவியின் வேலை. அதைக் கேட்பதற்கு முன் அந்த மண்ணில் ஒரு துளியை முன்பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பார். "நறநறன்னா வண்டல், வழவழன்னா களிமண். இதுக்கு எதுக்கு மெஷின்?" என்பார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இதைக் கண்டு பயந்து எங்களிடம் ஓடிவந்ததுண்டு. எங்கள் முதல் நாளில் நாங்களும் ஓடினோம்.

நம் நடைக்கூடத்தின் சுவரில் நீங்கள் வண்ணப் பென்சிலால் வரைந்த இரண்டு நெடும்பத்திகள் இருக்கின்றன. இடப்பக்கம் வடக்கு, வலப்பக்கம் தெற்கு. ஒரே காலத்து அடுக்குகளைக் குண்டூசி குத்தி வெள்ளை நூலால் இணைத்திருக்கிறீர்கள். அறுபத்தோரு நூல்கள். ஏறியும் இறங்கியும் போனாலும் அவை ஒன்றையொன்று வெட்டுவதில்லை, இரண்டைத் தவிர. காட்டின் கடைசித் தடத்தைக் காட்டும் நூலும், பனியின் முதல் தடத்தைக் காட்டும் நூலும் மட்டும் பேச்சுவார்த்தை முறிந்த சம்பந்திகள் போல் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு குறுக்கே போயின. வடக்கில் காடு போன பிறகு பனி வந்தது. தெற்கிலோ பனி முதலில் வந்தது, பிறகு விலகியது, காடு ஒருமுறை திரும்பி வந்தது, அதன் பிறகே பனி நிலைத்தது. இதுதான் உங்களுக்குப் பேர் வாங்கித் தந்த கண்டுபிடிப்பு. "அக்கா ஒரே பேச்சுக்காரி. தங்கச்சி மனசு மாறி, திரும்பி வந்து கதவைத் தட்டினவ" என்று வடக்கை அக்காவாகவும் தெற்கைத் தங்கையாகவும் வைத்து எத்தனை வகுப்புகளில் சொல்லியிருப்பீர்கள்! அந்தத் தங்கை கதவைத் தட்டியது தெற்குத் துளையின் நூற்று நாற்பத்தேழாம் பெட்டியில்: அடிப்பாதியில் பனியின் தடம், மேற்பாதியில் காட்டின் மகரந்தம்.

இனி நாங்கள் ஒப்புக்கொள்ள வேண்டிய குற்றம். அந்தப் பெட்டியில் நீங்களே ஒரு சீட்டு ஒட்டியிருந்தீர்கள்: 'நடுவே அறுக்கக் கூடாது.' பக்கவாட்டில் சுண்டுவிரல் அளவு துளைத்து மாதிரி எடுத்ததோடு சரி. இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்தக் கோரின் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. இன்று உங்களுக்குத் தரும் நினைவுப் பரிசாக அதிலிருந்து ஒரு சாண் நீளம் அறுத்து, மெருகேற்றி, மரத்தாங்கியில் நிறுத்தித் தரலாம் என்று உங்களுக்குத் தெரியாமல் நாங்கள் முடிவுசெய்தோம். இயக்குநரிடம் அனுமதி வாங்கினோம். அறுக்கும் பொறுப்பைக் கிடங்குக் காப்பாளரிடம் கொடுத்தோம். அவரை நீங்கள் 'தம்பி' என்பீர்கள். எங்கள் எல்லாருக்கும் அவர் பெட்டியண்ணன்.

விழாவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. பெட்டியண்ணன் காலையிலேயே அறுப்புப்பொறியை ஓடவிட்டார். சாம்பல் நிறத் தண்ணீர் வழிந்தது. அறுத்த முகத்தைப் பஞ்சால் துடைத்தார். நடுவே கோலிகுண்டு அளவில் ஒரு கறுப்புக் கல். அது எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியும். இருபத்தெட்டு ஆண்டு கோர் பெட்டிகளோடு குடித்தனம் நடத்தியவர். மிதந்து வந்த பனிப்பாறை உருகும்போது அதன் வயிற்றில் இருந்த கல் கழன்று கடலடிச் சேற்றில் விழும். மெத்தையில் இரும்புக் குண்டைப் போட்டால் மெத்தை கீழேதான் குழியும். இந்தக் கல்லைச் சுற்றியிருந்த மெல்லிய மண்கோடுகளோ கல்லுக்குக் கீழே அசையாமல் கிடந்தன. கல்லுக்கு மேலே, மேல்நோக்கிக் குழிந்திருந்தன.

"கல்லு மேல விழுகுமா?" என்று அவர் பொறியிடமே கேட்டார்.

அடுத்த நொடியே அவருக்கு விடை தெரிந்துவிட்டது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெருமழையில் கிடங்குக் கூரை ஒழுகி, மரப்பெட்டிகள் நைந்துபோயின. நாற்பது பெட்டிக் கோரை ஒரே நாளில் புதுப் பெட்டிகளுக்கு மாற்றியவர் அவர்தான். கோரின் நீளவாக்கில் நாம் இரண்டு கோடு போடுவோம். மேல்முனை தலைப்பக்கம் இருக்கும்படி பிடித்தால் சிவப்புக்கோடு வலப்பக்கம் வர வேண்டும், கறுப்பு இடப்பக்கம். நூற்று நாற்பத்தேழில் மட்டும் மை கரைந்து போயிருந்தது. யாரையும் கேட்காமல், ஒரு உதவிதானே என்று, அவரே புதிதாகக் கோடு போட்டார். கோடு அருமையாகத்தான் வந்தது. கல்தான் தலைகீழாக இருந்தது. அடுத்த மாதம் நீங்கள் வந்து அந்தக் கோட்டை நம்பி மாதிரி எடுத்தீர்கள்.

அவர் பொறியை நிறுத்தினார். அறுத்த கல்துண்டை ஒரு துவாலையில் சுற்றித் தம் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். எங்களிடம் "பிளேடு மழுங்கிப்போச்சு, நாளைக்குப் பாக்கலாம்" என்று ஒரு பொய் சொன்னார். இருபத்தெட்டு ஆண்டில் அவர் சொல்லி நாங்கள் கேட்ட ஒரே பொய் அது.

சாயங்காலம் வீட்டில் அவர் மனைவி தையல் பொறியில் இருந்தார். அக்கம்பக்கத்துச் சட்டைகள் எல்லாம் அவர் கையில்தான் தைக்கப்படுகின்றன.

"என்ன, அறுத்த கல்லையே முழுங்கிட்ட மாதிரி உக்காந்திருக்கீங்க?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். "பன்னிரண்டு நாள்ல அவங்க போயிடுவாங்க. அவங்க பேர் வாங்கினதே இந்தப் பெட்டியாலதான். நான் வாயைத் திறந்தா அவங்க உழைச்சது அத்தனையும் போச்சு."

"திறக்கலைன்னா?"

"யாருக்கும் தெரியாது."

"உங்களுக்குத் தெரியுமே." மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "ஒரு சட்டையில கையை மாத்தி வெச்சுத் தைச்சுட்டேன்னு வையுங்க. போட்டுக்கறவங்க கவனிக்கலைன்னு விட்டுடுவேனா? பிரிச்சுத்தான் ஆகணும். அந்தம்மாவுக்குப் பிரிக்கத் தெரியாதுன்னு நினைக்கறீங்களா?"

மறுநாள் அவர் உங்கள் அறைக்கு வந்தது உங்களுக்கே தெரியும். ஆனால் அவர் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. கதவுக்கு வெளியே மூன்று முறை நின்று திரும்பியிருக்கிறார். நாலாவது முறை நீங்களே "யாரு அது, வர்றதா போறதா?" என்று கேட்டதால் உள்ளே வந்தார்.

"மேடம், ஒரு தப்பு நடந்துபோச்சு."

"யாரு பண்ணினது?"

"நான்தான். இருபத்திரண்டு வருஷம் முன்னாடி."

"அப்ப அவசரம் ஒண்ணும் இல்ல. உக்காருங்க தம்பி."

அவர் உட்காரவில்லை. துவாலையைப் பிரித்து மேசையில் வைத்தார். நீங்கள் உருப்பெருக்கியை எடுத்தீர்கள். சுவர்க் கடிகாரத்தின் துடிப்பை அவர் எண்ணத் தொடங்கினார். இருநூறைத் தாண்டியதும் விட்டுவிட்டார். நீங்கள் கண்ணாடியைக் கழற்றினீர்கள். உங்கள் கண் கலங்கியிருந்தது. இதை மடலில் எழுதலாமா கூடாதா என்று எங்களுக்குள் வாக்குவாதமே நடந்தது. நடந்ததை நடந்தபடி எழுது என்று எங்களுக்குச் சொன்னவர் நீங்கள் என்பதால் எழுதிவிட்டோம்.

"கல்லு மேல விழாது, தம்பி."

"விழாது, மேடம்."

"அப்ப விழுந்தது நான்தான்."

பெட்டியண்ணனுக்கு அந்த நேரத்தில் பூமி பிளந்து தம்மை விழுங்கிவிட்டால் தேவலை என்று இருந்ததாம். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். நீங்கள் அதற்குள் எழுந்து, மேசையிழுப்பறையிலிருந்து கையுறையை எடுத்துக்கொண்டிருந்தீர்கள். "ஒரு கல்லை நம்பி ஊரைக் கூட்டக் கூடாது. இன்னும் ரெண்டு இடத்துல அறுங்க" என்றீர்கள். இரண்டு இடத்திலும் சேர்த்து ஆறு கற்கள் கிடைத்தன. ஆறும் மேல்நோக்கியே விழுந்திருந்தன. பிறகு நூற்று நாற்பத்தாறையும் நூற்று நாற்பத்தெட்டையும் இறக்கச் சொன்னீர்கள். கிடங்கின் நடுவே நாங்கள் எல்லாரும் சுற்றி நின்றோம். நூற்று நாற்பத்தேழாம் பெட்டியின் கோரைத் துண்டு துண்டாக எடுத்து நீங்களும் அவரும் திருப்பி வைத்தீர்கள். உடைந்த தட்டின் இரண்டு துண்டு சேர்வது போல் இந்தப் பக்கத்து முனையும் அந்தப் பக்கத்து முனையும் 'டக்' என்று பொருந்தின. இருபத்திரண்டு ஆண்டுகளாக மூன்று பெட்டிகளும் வேறு வேறு அடுக்குகளில் இருந்தன. சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

நீங்கள் நேராக நடைக்கூடத்துக்குப் போனீர்கள். நாற்காலி போட்டு ஏறி, அந்த இரண்டு குண்டூசிகளைப் பிடுங்கி, இடம் மாற்றிக் குத்தினீர்கள். நூல்கள் இரண்டும் ஒன்றையொன்று வெட்டாமல் ஓடின. தெற்கிலும் காடு போன பிறகுதான் பனி வந்தது. ஒரே முறைதான் வந்தது. எங்களில் ஒருவர் அழத் தயாராக இருந்தார். நீங்கள் நாற்காலிமேல் நின்றபடியே சிரித்துவிட்டீர்கள்.

"இதுங்க ரெண்டும் ஏன் இப்படி மல்லுக்கட்டிக்கிட்டு நிக்குதுன்னு எத்தனை நாள் யோசிச்சிருக்கேன்! நான் அதுக்கு ஒரு கதை கட்டினேனே ஒழிய பெட்டியைப் போய்ப் பாக்கல. பாவம் தங்கச்சி. ஒரே பேச்சுக்காரியை மனசு மாறினவன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சுட்டேன்."

இயக்குநர் மேடையில் அமர்ந்திருக்கிறார். அடுத்து வருவதை வாசிக்க அவரே அனுமதி தந்தார், அதற்கு அவருக்கு நன்றி. அன்று மதியம் அவர் உங்கள்மேல் உள்ள அன்பினால் சொன்னார்: "மேடம், பதினொரு நாள்தான் இருக்கு. கௌரவமா போங்க. அடுத்த வருஷம் யாராவது கவனிச்ச மாதிரி ஒரு குறிப்பு போட்டுக்கலாம்."

"கவனிச்சவரே இங்க நிக்கும்போது 'யாராவது' எதுக்கு சார்? என் கையால வெளிய போனது என் கையாலதான் திரும்பி வரணும். அதுவும் நான் இந்த நாற்காலியில இருக்கும்போதே."

ஐந்து நாளில் இரண்டு பக்கத் திருத்தக் கட்டுரை தயாராகிவிட்டது. உங்கள் கண்டுபிடிப்பை நம்பி எழுதிய பதினேழு பேருக்கும் தனித்தனியே கடிதம் எழுதினீர்கள். பதினைந்து ஆண்டுகளாக 'அப்படி ஒரு திரும்புதலே இல்லை' என்று உங்களோடு மல்லுக்கு நின்ற வெளியூர்ப் பேராசிரியருக்கு மட்டும் கடிதம் போதாது என்று தொலைபேசியில் அழைத்தீர்கள். "நீங்க சொன்னது சரி, நான் சொன்னது தப்பு" என்றீர்கள். அவரோ, "இப்படிப் பொசுக்குன்னு ஒத்துக்கிட்டா நான் இனிமே யாரோட சண்டை போடறது?" என்றாராம். அவர் இன்று மூன்றாம் வரிசையில் வந்து அமர்ந்திருக்கிறார். எட்டு மணி நேரம் பயணம் செய்து வந்திருக்கிறார்.

பெட்டி எண்ணைச் சரிபார்க்கச் சொல்லி அந்தக் கட்டுரை பெட்டியண்ணனிடம் வந்தது. தம் பெயர் எங்கே, எந்த வார்த்தையில் வரப்போகிறது என்று அவர் பயந்துகொண்டே படித்தார். பிழைக்குக் காரணம் சொல்லும் இடத்தில் இப்படி இருந்தது: 'பெட்டி மாற்றப்பட்ட பின் அடுத்தடுத்த பெட்டிகளின் முனைகளைப் பொருத்திப் பார்க்க வேண்டியது முதல் ஆசிரியரின் பொறுப்பு. அவர் அதைச் செய்யவில்லை.' அதில் அவர் பெயர் இல்லை. பக்கத்தைத் திருப்பித் தலைப்புக்குப் போனார். தலைப்பின் கீழே ஆசிரியர்கள் என்று இரண்டு பெயர்கள் இருந்தன. முதலாவது உங்களுடையது. இரண்டாவது அவருடையது.

அவர் தாளைத் தூக்கிக்கொண்டு உங்கள் அறைக்கு ஓடிவந்தார். இந்த முறை கதவுக்கு வெளியே ஒருமுறைகூட நிற்கவில்லை.

"மேடம், என்ன இது? தப்பு பண்ணினவன் நான். என் பேரைக் கொண்டுபோய் மேல போட்டிருக்கீங்க?"

நீங்கள் தலை நிமிரவில்லை. "தப்பு பண்ணினது ரெண்டு பேர். கண்டுபிடிச்சது நீங்க ஒருத்தர்தான். உக்காருங்க, டீ ஆறுது."

அன்று அவர் உட்கார்ந்தார்.

எங்கள் அன்புக்குரிய அம்மையாரே! இந்த அரங்கில் எல்லார் கையிலும் உள்ள அழைப்பிதழைப் பாருங்கள். 'தெற்கில் திரும்பிய வெப்பம்: நிறைவுரை' என்று அது முன்பே அச்சாகிவிட்டது. வேறு அச்சடிக்கலாம் என்றோம். நல்ல தாளை ஏன் வீணாக்க வேண்டும் என்று மறுத்துவிட்டீர்கள். நூற்று நாற்பது அழைப்பிதழிலும் உங்கள் சிவப்புப் பென்சிலாலேயே 'திரும்பிய' என்பதை அடித்து 'திரும்பாத' என்று எழுதினீர்கள். சற்று முன் அதே தலைப்பில் பேசி முடித்தீர்கள். (இதற்கென்று மடலில் விட்டிருந்த இடத்தை இப்போதுதான் நிரப்பினோம்.) முப்பத்து நான்கு ஆண்டுகளில் உங்கள் உரைகள் பலவற்றைக் கேட்டிருக்கிறோம். இன்றைய உரைதான் ஆகச் சிறந்தது. இதை அளந்துதான் சொல்கிறோம். கைதட்டல் நான்கு நிமிடம்.

முனைகளைப் பொருத்திப் பார்க்காமல் இனி இந்தப் பிரிவில் எந்தப் பெட்டியும் அடுக்கில் ஏறாது. உங்கள் சுவர்ப்படத்தை நாங்கள் திரும்ப வரையப் போவதில்லை. பழைய ஊசித்துளைகள் இரண்டும் அப்படியே தெரியட்டும். பெருமைக்குரிய ஒருவர் தம் கையாலேயே தம்மைத் திருத்திய இடம் அது என்று வருகிறவர்களுக்குச் சொல்வோம். நீங்கள் கடிந்துகொண்ட நாட்களில் உங்கள்மேல் எங்களுக்குக் கோபம் இருந்தது உண்மை. இன்று அது ஒரு துளிகூட இல்லை. உங்கள் அறை பூட்டியிருக்கும் என்று தெரிந்தும் நாளைக் காலை அந்தக் கதவுக்கு முன் போய் நிற்கப்போகிறோம்.

'நீடூழி வாழ்க' என்று முடித்தால் ஓரத்தில் 'எத்தனை?' என்று எழுதுவீர்கள். குறைந்தது இன்னும் முப்பத்து நான்கு ஆண்டுகள். உடல் நோகாமல், கடல் குமட்டாமல், வீட்டுக்காரரோடும், ஒரு நாளுக்கு ஒரு கோப்பையாவது சூடான தேநீரோடு.

பரிசாக அந்த ஒரு சாண் கல்லையே தருகிறோம்; மரத்தாங்கியில் அது இப்போது சரியாக நிற்கிறது, கல் கீழ்நோக்கி விழுந்திருக்கிறது. இந்த மடலுக்குச் சட்டம் போட்டவர் பெட்டியண்ணன். சட்டத்தின் பின்பக்கம் சிவப்பு மையில் ஓர் அம்பு வரைந்து, 'இது மேல்' என்று எழுதியிருக்கிறார். இந்த முறை அவர் தனியாக முடிவுசெய்யவில்லை. மூன்று பேரைக் கூப்பிட்டுக் காட்டிய பிறகே கோடு போட்டார்.

நன்றியும் அன்பும் மாறாத,
நுண்ணோக்கி அறையினர், மகரந்த ஆய்வறையினர், வரைபடப் பிரிவினர், அலுவலக மேலாளர்,
மற்றும் கட்டுரையின் இரண்டாம் ஆசிரியர்